அரைப் பேர்

மலையகத் தோட்டங்களிலே 'பேர்' என்ற சொல்லுக்கு அகராதிகள் தராத ஒரு பொருள் உண்டு. ஒருவர் ஒரு நாள் முழுவதும் வேலை செய்தார் என்று செக்ரோலிலே பதியப்படுவதே பேர். மாதத்தில் இருபது நாள் உழைத்தவருக்கு இருபது பேர். குறித்த அளவு கொழுந்தை நிறுவைக்குக் கொண்டு வராதவருக்கு அன்றைய தினம் அரைப் பேர். மனிதரின் பெயரையே நாட்கூலியின் அளவாக ஆக்கிக்கொண்ட இவ்வழக்கு, அப்பெயரைப் பாதியாக வெட்டவும் முடியும் என்பதை வெகு இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டது. குறைந்தபட்சச் சம்பளம் பற்றிப் பேசப் புகுவோர் ரூபாக் கணக்கைத் தொடுவதற்கு முன்னர் இந்தச் சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

பேராதனையிலே பொருளியல் கற்கும் மாணவனொருவன் சிறு வயது முதலே இச்சொல்லைக் கேட்டு வளர்ந்தவன். ஆயினும், விரிவுரை மண்டபத்திலே அது ஒருநாளும் உச்சரிக்கப்பட்டதில்லை. அங்கே அவன் கற்றது ஒரு வரைபடம். கிடையச்சிலே உழைப்பின் அளவு. நிலைக்குத்து அச்சிலே கூலி. கேள்விக் கோடும் வழங்கற் கோடும் சந்திக்கும் இடத்திலே சமநிலை. அச்சமநிலைக்கு மேலாக அரசு ஒரு கிடைக்கோட்டை வரைந்தால் அது குறைந்தபட்சக் கூலி. கோட்டின் வலப்பக்கத்தில் எஞ்சி நிற்பது வேலையின்மை. பரீட்சைக்கு வேண்டியது அவ்வளவே. அவனும் அதனை அழகாக வரைந்து புள்ளிகளும் பெற்றான்.

கொழும்பிலே வியாபாரக் குடும்பமொன்றிலிருந்து வந்த சக மாணவன் ஒருநாள் சிற்றுண்டிச்சாலையிலே அவனிடம் கூறினான்: "சட்டத்தாலே சம்பளத்தைக் கூட்டினால் வேலைதான் இல்லாமற் போகும். அதனாலே பாதிக்கப்படுறது கடைசியிலே உங்கட ஆக்கள்தான்." சொன்னவனிடம் பகைமை இருக்கவில்லை, உண்மையான அனுதாபமே இருந்தது. தோட்டத்து மாணவனுக்கோ அன்று விடை சொல்ல இயலவில்லை. வரைபடம் அச்சொல்லின் பக்கமே நின்றது.

2024 செப்டெம்பரில் தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாவிலிருந்து 1,350 ரூபாவாக உயர்த்தும் வர்த்தமானி வெளியாயிற்று. அவ்வாண்டு மே மாதத்தில் 1,700 ரூபா என்று அறிவிக்கப்பட்டு, ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் நின்றுபோன உயர்வு, சம்பளச் சபையின் வழியாகக் குறைந்த தொகையில் மீண்டும் வந்தது. செய்தி கிடைத்த அன்றே மாணவனின் தாய் லயத்து அறையில் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள். இருபது பேர் கிடைத்தால் மாதத்திற்கு 7,000 ரூபா கூடுதலாக வரும். உயர்தரம் கற்கும் மகளுக்கு நகரத்து மாலை வகுப்புக்கு அத்தொகை போதும். அதுவரை, பக்கத்து லயத்துப் பெண்ணொருத்தி கொழும்புத் துணிக்கடையொன்றிலே வேலை இருப்பதாகக் கூறி மகளை அழைத்துக்கொண்டிருந்தாள். உயர்வு வருகிறதென்பதால் தாய் அவளுக்குப் பதில் சொல்லாமல் ஒத்திப்போட்டாள்.

நவம்பரில் மாணவன் ஊருக்குப் புறப்பட்டான். கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹற்றன் செல்லும் பாதை மழையிலே நனைந்து கிடந்தது. வீட்டை அடைந்ததும் தாய் இரண்டு சம்பளச் சீட்டுகளை அவன் முன்னே வைத்தாள். ஒன்று ஓகஸ்ட் மாதத்தது. மற்றையது ஒக்டோபர் மாதத்தது. "கூட்டித்தான் இருக்காங்க தம்பி. ஆனா பேரு கொறைஞ்சு போச்சு. நீயே கொஞ்சம் பாரு" என்றாள்.

ஓகஸ்டில் 18 முழுப் பேரும் 2 அரைப் பேரும் விழுந்திருந்தன. நாளொன்றுக்கு 1,000 ரூபா வீதம் மொத்தம் 19,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்குரிய நூற்றுக்கு 8 வீதமான 1,520 ரூபாவைக் கழிக்க 17,480 ரூபா. ஒக்டோபரில் 11 முழுப் பேர். 5 அரைப் பேர். நாளொன்றுக்கு 1,350 ரூபா வீதம் மொத்தம் 18,225 ரூபா. சேமலாப நிதிக்கு 1,458 ரூபா கழிக்க 16,767 ரூபா. சம்பள விகிதம் நூற்றுக்கு 35 வீதம் உயர்ந்த பின்னர், தாயின் கைக்கு வரவேண்டிய தொகை 713 ரூபாவால் குறைந்திருந்தது. தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா, கோயில் வரி ஆகியன அதற்குப் பின்னர் கழிவன.

மாணவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கூட்டலிலே பிழை இருக்கவில்லை. சட்டமும் அந்தச் சீட்டிலே மீறப்பட்டதாகத் தோன்றவில்லை. நாட்சம்பளம் என்ற கட்டத்துக்குள் 1,350 என்ற எண் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது.

இந்த எண்ணின் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. இலங்கையின் தோட்டங்களிலே பணிபுரிந்த இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை விதிக்கும் கட்டளைச் சட்டம் 1927 இல் இயற்றப்பட்டது. ஆண், பெண், சிறுவர் என மூவகையினருக்கும் வெவ்வேறு கூலியை அம்முறை வகுத்தது. கூலியோடு தோட்டம் வழங்கும் அரிசியின் விலையையும் கருத்திற் கொண்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்த 1930களின் தொடக்கத்தில் அக்கூலியே குறைக்கப்பட்டது. தளம் என்று வகுக்கப்பட்டது தாழவும் கூடும் என்பதைத் தொழிலாளர் அன்றே கண்டுகொண்டனர். 1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழில்தோறும் சபைகளை நிறுவ வழிவகுத்தது. பெண் தொழிலாளருக்கும் ஆணுக்குச் சமமான நாட்கூலி என்பது 1984 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே கைகூடிற்று. கொழுந்து பறிப்போருட் பெரும்பாலோர் பெண்களாக இருந்த தொழிலிலே சமகூலி கிடைப்பதற்கு முதலாவது கட்டளைச் சட்டத்திலிருந்து 57 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1992 இல் அரசுத் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. அதன்பின் நாட்சம்பளம் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தாலே தீர்மானிக்கப்பட்டு வந்தது. 2016 ஒக்டோபர் ஒப்பந்தத்திலே அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. ஏனைய கொடுப்பனவுகளையும் சேர்த்து 730 ரூபா. 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாகியது. ஆயினும் வரவுக்கான கொடுப்பனவு அகற்றப்பட்டமையால் நாளொன்றுக்குரிய மொத்தம் 750 ரூபாவாகவே நின்றது. அடிப்படையிலே 200 ரூபா ஏறிற்று. மொத்தத்திலே 20 ரூபா ஏறிற்று. ஒரு கட்டத்திலே ஏற்றியதை மற்றொரு கட்டத்திலே இறக்கும் வித்தை 2024 இல் புதிதாகப் பிறந்ததன்று.

2021 மார்ச்சில் சம்பளச் சபையின் ஊடாக 1,000 ரூபா நடைமுறைக்கு வந்தது. அந்த ஆயிரம் மூன்றரை ஆண்டுகள் அசையாது நின்றது. அசைந்தவை ஏனையவை. 2021 மார்ச்சில் ஏறத்தாழ 5 அமெரிக்க டொலருக்குச் சமமாயிருந்த ஆயிரம் ரூபா 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் 3 டொலருக்கும் குறைவாயிற்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஓராண்டு விலையேற்றம் நூற்றுக்கு 69.8 வீதம். அரிசியைக் குறைத்து ரொட்டிக்கு மாறிய லயத்து அடுப்புகளிலே கோதுமை மாவின் விலையும் ஏறிற்று. டொலரிலே தேயிலையை விற்றவர்களுக்கு நாணய வீழ்ச்சி ரூபாவிலே கூடுதல் வரவைக் கொணர்ந்தது. ரூபாவிலே கூலி பெற்றவர்களுக்கு அதே வீழ்ச்சி உணவைப் பறித்தது. ஒரே நிகழ்ச்சி இரண்டு வீடுகளுக்குள் இரண்டு முகங்களோடு நுழைவதையே ஏற்றத்தாழ்வு என்கிறோம்.

பேர் எவ்வாறு பாதியாகின்றது என்பதை மாணவன் தன் தாயோடு ஒருநாள் மலைக்குச் சென்றபோது முதன்முறையாகக் கருத்தூன்றிக் கவனித்தான். காலைப் பெரட்டிலே ஆட்கள் பிரிக்கப்படுகின்றனர். நாளிலே மூன்று முறை நிறுவை. ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கென்றும், இலையிலுள்ள ஈரத்துக்கென்றும் சில கிலோ கழிக்கப்படுகின்றது. மழைநாளிலே கழிவு கூடும். தராசின் முள்ளைப் பார்ப்பவர் ஒருவர். எண்ணை எழுதுபவர் ஒருவர். கூடையைச் சுமந்து வந்தவள் அடுத்தவளுக்கு இடம்விட்டு நகர வேண்டும். அத்தோட்டத்திலே முன்னர் 16 கிலோவாக இருந்த நாளளவு 18 ஆகிப் பின்னர் 20 ஆகியிருந்தது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட காலத்திலே மலைகள் வெளிறின. 2022 ஆம் ஆண்டில் நாட்டின் தேயிலை உற்பத்தி கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காணாத அளவுக்கு, ஏறத்தாழ 25 கோடி கிலோவுக்கு, வீழ்ந்தது. செடியிலே கொழுந்து குறைந்தது. சாக்கிலே கேட்கப்பட்ட அளவு குறையவில்லை. களை மண்டிய மலையிலே 17 கிலோ பறித்தவள் சோம்பேறி அல்லள். எனினும் அன்று அவளுக்கு அரைப் பேர். அவள் பறித்த 17 கிலோவும் முழுமையாகவே தொழிற்சாலைக்குச் சென்றது.

இந்த இடத்திலே மாணவன் தன் வரைபடத்தை மீண்டும் நினைத்தான். அக்கோடுகள் சந்திக்கும் இடத்திலே பல முதலாளிகளும் பல தொழிலாளரும் உளர் என்பதே எடுகோள். மலையிலே வாங்குவோர் ஒருவரே. வாங்குவோர் ஒருவரேயான சந்தையிலே கூலி உழைப்பின் பயனுக்குக் கீழே நிற்கும் என்பதையும், அங்கே குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவதால் வேலை குறைய வேண்டிய கட்டாயமில்லை என்பதையும் ஜோன் ரொபின்சன் 1933 இல் வெளியிட்ட நிறைவில்லாப் போட்டி பற்றிய நூலின் வழி பொருளியலார் நன்கறிவர். 1992 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலம் மணித்தியாலக் கூலியை 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியபோது, டேவிட் காட், அலன் குரூகர் ஆகிய இருவரும் அங்குள்ள துரித உணவகங்களை அயல் மாநிலமான பென்சில்வேனியாவின் உணவகங்களோடு ஒப்பிட்டனர். வேலைவாய்ப்புக் குறைந்ததற்குச் சான்றில்லை என்று 1994 இல் எழுதினர். அம்முடிவு கடுமையாக விவாதிக்கப்பட்டது. விவாதம் இன்றும் முற்றுப்பெறவில்லை. ஆயினும் கூலியை உயர்த்தினால் வேலை போகும் என்ற கூற்று இயற்கை விதியன்று என்பதை நிலைநாட்ட அது போதியதாயிற்று. காட் 2021 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர்.

சிற்றுண்டிச்சாலை நண்பனுக்கு இதனையே விடையாகக் கூறியிருக்கலாம். எனினும் இரண்டு சீட்டுகளையும் கண்ட மாணவனுக்கு அந்த விடை போதவில்லை. நண்பனின் வாதமும் அதற்கு எதிர்வாதமும் ஒன்றையே கேட்கின்றன: கூலி உயர்ந்தால் ஆட்கள் நீக்கப்படுவரா, இல்லையா? தாயை ஒருவரும் நீக்கவில்லை. செக்ரோலிலே அவளுடைய எண் அப்படியே இருக்கின்றது. வேலையின்மைப் புள்ளிவிவரத்திலே அவள் அகப்படமாட்டாள். அவளுடைய நாட்கள் மட்டும் குறைந்தன; நாளுக்குரிய கிலோ மட்டும் கூடிற்று. அரசு விகிதத்தை நிர்ணயித்தது. அளவையை நிர்ணயிக்கும் உரிமை இருந்த இடத்திலேயே இருந்தது. தராசைத் தொடாத சம்பளச் சட்டம் பாதிச் சட்டமே.

கம்பனிகளின் தரப்பிலும் செவிமடுக்க வேண்டிய நியாயங்கள் உண்டு. தேயிலையின் உற்பத்திச் செலவிலே பெரும்பங்கு கூலி என்கின்றனர். கென்யா போன்ற நாடுகளோடு போட்டியிட வேண்டும் என்கின்றனர். செடிகள் முதிர்ந்துவிட்டன என்கின்றனர். இவற்றிலே பொய் இல்லை. இன்று இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதியைத் தருவோர் சிறுதோட்ட உடைமையாளரே என்பதும் உண்மை. ஆனால், முதிர்ந்த செடியைப் பிடுங்கி மறுநடுகை செய்வது பறிப்பவளின் பொறுப்பன்று. உலகச் சந்தையின் ஏலத்திலே விலை விழுந்தால் அந்த நட்டத்தில் அவளுக்குப் பங்குண்டு. 2022 இல் ரூபா விழுந்து வரவு பெருகியபோது அந்த இலாபத்தில் அவளுக்குப் பங்கிருக்கவில்லை. இதுவே நியாயத்தின் முன்வைக்கப்பட வேண்டிய வினா.

அவள் வேலையை விட்டுச் சென்றால் என்ன என்று கேட்கலாம். இளைஞர் பலர் அவ்வாறே சென்றுவிட்டனர். கொழும்பின் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் மலையகத்துப் பிள்ளைகளைக் காணலாம். ஆனால் ஐம்பதை எட்டிய தாய்க்குக் கொழும்பிலே கடை இல்லை. அவள் குடியிருக்கும் லயத்து அறை தோட்டத்துக்குரியது. அவளுடைய பெயரில் உறுதி இல்லை. 2023 இல் மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைவு பெற்றதை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து சென்றோரின் கோரிக்கைகளிலே சம்பளத்தோடு காணியும் வீடும் இடம்பெற்றது தற்செயலன்று. வெளியேறக் கதவில்லாதவன் கூலியைப் பேரம் பேச இயலாது.

2019 ஆம் ஆண்டின் வீட்டு அலகு வருமானச் செலவின ஆய்வின்படி, இலங்கையிலே மேல்நிலையிலுள்ள ஐந்திலொரு பங்கு வீட்டு அலகுகள் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 51.4 வீதத்தைப் பெற்றன. அடியிலுள்ள ஐந்திலொரு பங்கு பெற்றது 4.6 வீதம். வறுமையில் வாழ்வோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 14.3 வீதமாக இருக்க, தோட்டத்துறையிலே 33.8 வீதமாக இருந்தனர். இந்த இடைவெளியைக் காசினால் மட்டும் அளப்பது போதாது. செல்வம் உடையவன் தன் பொருளுக்குத் தானே விலை கூறுகின்றான். விலை பொருந்தாவிடில் அடுத்த மாதம் வரை காத்திருக்கின்றான். வறியவளின் பொருளாகிய உழைப்புக்குப் பிறர் விலை கூறுகின்றனர்; பிறரே நிறுக்கின்றனர்; மாலைக்குள் அது விற்றாக வேண்டும். நிறுக்கும் உரிமையும் காத்திருக்கும் வசதியும் யாரிடம் இருக்கின்றன என்பதிலேதான் செல்வருக்கும் வறியவருக்கும் இடையிலான தூரம் வேர்கொண்டுள்ளது.

அந்த விடுமுறையில் ஓரிரவு மகளின் படிப்புப் பற்றிப் பேச்செழுந்தது. "வகுப்பு வேணாம்மா. நான் கடைக்கே போறேன்" என்றாள் மகள். தாய் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் சுவரிலே மாட்டியிருந்த நாட்காட்டியைக் கழற்றி மகளிடம் நீட்டினாள். "நாளையிலருந்து நான் வந்து சொல்லச் சொல்ல இதுல எழுது. காலையில எத்தன கிலோ, பகலைக்கு எத்தன, அந்திக்கு எத்தன, எவ்வளவு வெட்டுனாங்க. எல்லாத்தையும் எழுது" என்றாள்.

மகள் எழுதினாள். டிசெம்பர் மாதச் சீட்டு வந்தபோது நாட்காட்டிக்கும் சீட்டுக்கும் இரண்டு பேர் வித்தியாசம் இருந்தது. தாய் நாட்காட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத் தலைவரிடம் சென்றாள். இருவருமாகக் கணக்கப்பிள்ளையிடம் சென்றனர். ஒரு பேர் திருத்தப்பட்டது. மற்றையது மறுக்கப்பட்டது. திரும்பி வந்தது 1,350 ரூபா. அதனைக் கொண்டு மூன்று பாடங்களில் ஒன்றுக்கு மட்டும் மகள் மாலை வகுப்பிலே சேர்ந்தாள். அடுத்த மாதம் அந்த லயத்திலே வேறு நான்கு வீடுகளின் நாட்காட்டிகளிலும் எண்கள் ஏறின. இதனை வெற்றி என்று கூறுதல் மிகை. கழிவு நின்றுவிடவில்லை, 20 கிலோவும் குறையவில்லை. ஆயினும் அத்தோட்டத்திலே முதன்முறையாக இரண்டாவது கணக்கொன்று இருந்தது.

2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்திலே, 2026 ஜனவரி முதல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,550 ரூபா என்றும், அதனோடு வரவுக்கான ஊக்கத்தொகையாக அரசு 200 ரூபா வழங்க மொத்தம் 1,750 ரூபா என்றும் அறிவிக்கப்பட்டது. நாட்டின் பொதுவான குறைந்தபட்ச மாதச் சம்பளமும் அதே ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகுமென அவ்வாண்டு திருத்தப்பட்ட சட்டம் விதித்திருந்தது. மாணவன் தன் விடுதி அறையிலே கணக்கிட்டுப் பார்த்தான். 1,550 ரூபா விகிதத்திலே 30,000 ரூபாவை எட்ட மாதத்திலே இருபது முழுப் பேர் வேண்டும். தாயின் சீட்டிலே முழுப் பேர் பதினொன்றாக இருந்ததையும் அவன் மறக்கவில்லை.

அன்றிரவு தொலைபேசியிலே செய்தியைத் தாய்க்குச் சொன்னான். மறுமுனையிலே சிறிது நேரம் மழையின் ஓசை மட்டும் கேட்டது.

"நல்லதுதான் தம்பி" என்றாள் தாய். "மாசத்துக்கு எத்தன பேரு போடுவாங்கன்னு அதுல எழுதியிருக்கா?"

அவன் செய்தியை மீண்டும் ஒருமுறை முழுவதும் வாசித்தான். எழுதப்பட்டிருக்கவில்லை.